காலிப்பர் போட்ட ஒருவர் பனிக்கட்டிச் சாலையில் லாரித் தொழில் நடத்தியது எப்படி?

கேள்வி: கனடாவின் வடபகுதியில் லாரி கம்பெனி நடத்திய ஒருவரின் வாழ்க்கையை எழுதப் போகிறேன். சிறு வயதில் போலியோ வந்து கால் முடங்கியவர். மைனஸ் 40 டிகிரி குளிரில், உறைந்த ஏரிகள் மேல் வண்டி ஓட்டும் ஊரில், காலிப்பரும் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) ஊன்றுகட்டையுமாக அவர் எப்படித் தொழில் செய்திருப்பார்? மனவலிமை ஒன்றுதான் காரணமா?

பதில்:

மனவலிமையை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். அந்த ஊரில் கால் நன்றாக இருப்பவருக்கும் அது வேண்டும், அதனால் அதை வைத்து இவர் கதையை மட்டும் விளக்க முடியாது. அவருக்கு எந்த ஆண்டில் நோய் வந்தது, எந்த ஊர் ஆஸ்பத்திரியில் படுத்தார், அந்தத் தொழிலில் பணம் எங்கே கிடைக்கிறது, எங்கே போகிறது என்பதையெல்லாம் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

போலியோ என்றால் சுகாதாரம் இல்லாத இடத்து நோய் என்று நமக்கு ஒரு எண்ணம் உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்தது தலைகீழ். குடிநீரும் கழிவுநீரும் ஒழுங்கான பிறகுதான் அங்கே அது கொள்ளைநோயாக வெடித்தது. அதற்கு முன்பு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருக்கும் கைக்குழந்தைப் பருவத்திலேயே வைரஸ் தொற்றி, பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஊர் சுத்தமானதும் பிள்ளைகள் அதை ஐந்து வயதிலும் பத்து வயதிலும்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். சிலர் இருபது, முப்பது வயதில். வயது ஏற ஏற உடம்பு முடங்குகிற வாய்ப்பும் ஏறும். தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வரும் என்றாலும், அந்த ஒருவர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் கோடை வந்தாலே நீச்சல் குளங்களை மூடினார்கள், பிள்ளைகளைத் தெருவுக்கு விடாமல் வைத்தார்கள்.

கனடாவுக்கு மிக மோசமான ஆண்டு 1953. ஏறத்தாழ 9,000 பேருக்கு நோய், சுமார் 500 பேர் இறந்தார்கள். மானிடோபா மாகாணம் அடிவாங்கியதைப் போல வேறு எதுவும் வாங்கவில்லை. மூச்சுத் தசைகள் முடங்கியவர்களைக் கிடத்தும் இரும்பு நுரையீரல் பெட்டிகளை விமானப் படை ஊர் ஊராக ஏற்றிப் பறந்தது. பாடகி ஜோனி மிட்செலுக்கு சஸ்காச்சுவானில் போலியோ வந்தது அந்த அலையில்தான், ஒன்பது வயதில். பாடகர் நீல் யங்குக்கு 1951-இல், ஒன்டாரியோவில் ஓமெமீ என்ற சின்ன ஊரில்.

நீங்கள் எழுதப் போகிறவர் ஆல்பர்ட்டாக்காரராக இருந்தால் ஒரு சங்கதியை விட்டுவிடாதீர்கள். போலியோவால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே அந்த மாகாணம் 1938-இல் ஒரு தனிச் சட்டம் போட்டது. சிகிச்சைச் செலவை அரசு ஏற்றது, ஊனத்தோடு மிஞ்சியவர்களுக்குத் தொழில் பயிற்சிக்கும் வழி வைத்தது. கனடா முழுவதற்குமான மருத்துவக் காப்பீடு வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய கதை இது. ஒரு பண்ணைக் குடும்பத்துப் பையன் எட்மன்டன் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருந்தும் அப்பா நிலத்தை விற்காமல் தப்பினார் என்றால், பின்னாளில் அந்தப் பையன் முதல் லாரி வாங்கும்போது குடும்பத்துக்குக் கடன் சுமை இருக்காது. ‘தன் காலில் நின்ற மனிதர்’ என்று இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதும் யாரும் இதைச் சொல்வதில்லை. எனக்கு இது ஒரு குறை.

சிகிச்சையும் ஆண்டைப் பொறுத்து மாறும். 1930-களில் முடங்கிய காலை மாதக்கணக்கில் அச்சில் கட்டி அசையாமல் வைப்பார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நர்ஸ் எலிசபெத் கென்னி 1940-இல் அமெரிக்காவுக்கு வந்தபின், கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து தசைமேல் சுற்றுவதும், சீக்கிரமே தசைக்குப் பயிற்சி கொடுப்பதும் பரவியது. அந்த ஈரக் கம்பளியின் நாற்றத்தை, அன்று குழந்தைகளாக வார்டில் இருந்தவர்கள் எழுபது வயதிலும் மறக்கவில்லை.

அப்புறம் 1955. நம் பிள்ளைகளுக்குப் போட்ட போலியோ சொட்டு மருந்து சேபின் என்ற விஞ்ஞானியுடையது. கனடா முதலில் போட்டது சால்க் என்ற விஞ்ஞானியின் தடுப்பூசி. அது பயன் தருகிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவித்தார்கள். அதைப் பெரிய அளவில் தயாரிப்பதில் டொரான்டோவின் கானாட் ஆய்வகத்துக்கு முக்கியப் பங்கு. வைரஸை வளர்க்க உதவிய ஊட்டச்சத்துக் கலவையும், பெரிய பாட்டில்களை ஆட்டி ஆட்டி வளர்க்கும் லியோன் ஃபேரல் என்ற பெண் விஞ்ஞானியின் முறையும் அங்கே உருவானவை. சில நாட்களிலேயே அமெரிக்காவில் கட்டர் நிறுவனத்தின் மருந்தில் உயிருள்ள வைரஸ் இருந்து, ஊசி போட்ட குழந்தைகளே முடங்கினார்கள். அமெரிக்கா ஊசியை நிறுத்தியது, கனடா நிறுத்தவில்லை. அந்த முடிவில் நின்ற சுகாதார அமைச்சர் பால் மார்ட்டின் சீனியர். அவருக்கே சிறு வயதில் போலியோ வந்திருந்தது, அவர் மகனுக்கு 1946-இல் வந்தது. இந்த மகனிடம் பிறகு வருகிறேன். ஆகவே உங்கள் ஆள் அநேகமாக 1955-க்கு முன் நோய் கண்டவர். ஊசி சில வருடம் முந்தி வந்திருந்தால் அவர் வாழ்க்கையே வேறு.

சரி, தொழிலுக்கு வருவோம்.

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்துக்கு லாரி போகும் வழி ஆல்பர்ட்டாவின் கிரிம்ஷாவில் தொடங்குகிறது. அங்கிருந்து கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் உள்ள ஹே ரிவர் வரை மெக்கன்சி நெடுஞ்சாலை 1940-களின் கடைசியில் முடிந்தது. தங்கச் சுரங்க ஊரான யெல்லோநைஃபுக்கு எல்லாக் காலத்துக்குமான சாலை 1960-களின் தொடக்கத்தில்தான் கிடைத்தது. அதிலும் ஒரு வெட்டு. ஃபோர்ட் பிராவிடன்ஸ் அருகே மெக்கன்சி ஆறு குறுக்கே ஓடுகிறது. கோடையில் படகு, குளிர்காலத்தில் ஆற்றின் மேலேயே பனிப்பாலம். இடையில், பனி உருகும் வசந்தத்திலும் உறையத் தொடங்கும் இலையுதிர் காலத்திலும், சில வாரங்கள் எதுவும் கிடையாது. அந்த நாட்களில் காய்கறியும் பாலும் விமானத்தில் வரும், விலை ஏறும். அந்த ஆற்றின் மேல் டே சோ பாலம் திறந்தது 2012 நவம்பரில். அதுவரை அங்கே லாரித் தொழில் என்றால் பாதி வேலை காலண்டரோடு மல்லுக்கட்டுவதுதான்.

சுரங்கங்கள் இன்னும் வடக்கே. அங்கே சாலையே கிடையாது. உறைந்த ஏரிகள்தான் சாலை. யெல்லோநைஃபிலிருந்து கிரேட் பேர் ஏரி வரை பனிச்சாலை போட்டு லாரி விட்டவர்களில் ஜான் டெனிசன் பெயர் பெற்றவர். முன்பு போலீஸ்காரர், பையர்ஸ் டிரான்ஸ்போர்ட் என்ற கம்பெனிக்காக வேலை செய்தார். 1982-இல் லூபின் தங்கச் சுரங்கத்துக்காகப் போட்ட டிபிட்–கான்ட்வாய்ட்டோ குளிர்காலச் சாலை 568 கிலோமீட்டர். அதில் சுமார் 495 கிலோமீட்டர் ஏரியின் மேல். ஜனவரி கடைசியில் திறந்து மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் மூடிவிடும். 2007-இல் அந்த இரண்டு மாதச் சொச்சத்தில் 10,922 லோடு போனது.

பனிக்கட்டி எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த லார்ன் கோல்ட் தந்தது. தடிமனைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு நாலால் பெருக்கினால் தாங்கும் எடை கிலோவில் வரும். 50 சென்டிமீட்டர் பனி 10 டன், 100 சென்டிமீட்டர் பனி 40 டன். நாலு என்பது ஜாக்கிரதையான எண். துணிந்தவர்கள் அதைக் கூட்டிக்கொள்வார்கள். ஆக, தடிமன் இரண்டு மடங்கானால் சுமை நாலு மடங்கு. இதனால் பனிப்பொழிவு அங்கே எதிரி. மேலே கிடக்கும் வெண்பனி போர்வைபோல் மூடி, கீழே பனிக்கட்டி தடிக்க விடாது. குளிர் நன்றாக இறங்க வேண்டுமானால் மேலே இருப்பதை வழித்துத் தள்ள வேண்டும். வண்டி போகும்போது பனிக்கட்டி வளைந்து, அடியில் தண்ணீர் அலையாகக் கிளம்பும். வேகம் கூடினால் அந்த அலை கரையில் மோதித் திரும்பிப் பனியை உடைக்கும். அதனால் லோடு வண்டிக்கு மணிக்கு 25 கிலோமீட்டர்தான், கரை ஏறி இறங்கும் இடங்களில் இன்னும் குறைவு. ஆரம்பக் காலத்து டிரைவர்கள் சீட் பெல்ட் போடாமல், சிலர் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். வண்டி இறங்கினால் குதிக்க வேண்டுமே.

காலிப்பர் போட்டவர் குதிக்க முடியாது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஏரியைக் கடப்பதை அவர் தவிர்த்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. ஆனால் முதலாளியின் வேலை ஸ்டியரிங்கில் இல்லை என்பதுதான் இங்கே விஷயம். வருடத்து வருமானத்தில் பெரும்பகுதி எட்டுப் பத்து வாரத்தில் வர வேண்டும். அதற்குள் வண்டி, டயர், டீசல், டிரைவர் சம்பளம் எல்லாவற்றுக்கும் கைக்காசு அல்லது வங்கிக் கடன் போட்டாக வேண்டும். சுரங்கம் பணம் தருவது பிறகு. மேலே போகும் வண்டி நிறைந்து போகும், திரும்பும் வண்டி பெரும்பாலும் காலி. ரிட்டர்ன் லோடு இல்லாத ரூட்டில் போகவர இரண்டுக்கும் சேர்த்து ரேட் பேசத் தெரியாதவன் முதல் குளிர்காலத்தோடு வண்டியை விற்றுவிடுவான். இதுபோக, 1980-களின் பிற்பகுதியில் சட்டம் தளர்த்தப்படும் வரை எந்த ரூட்டில் யார் சரக்கு ஏற்றலாம் என்பதற்கு அனுமதி வாங்க வேண்டும். இருக்கிற கம்பெனிகள் எதிர்ப்பு மனு போடும், வாரியத்தின் முன் உட்கார்ந்து வாதாட வேண்டும். பேச்சு, பேரம், கணக்கு, ஞாபகசக்தி, வானொலிப் பெட்டியில் டிரைவர் குரலைக் கேட்டே எங்கே சிக்கல் என்று ஊகிப்பது. இதில் எதற்கும் தொடைத் தசை வேண்டாம்.

போலியோ அழிப்பது முதுகுத்தண்டில் தசையை இயக்கும் நரம்பு செல்களை. உணர்ச்சி அப்படியே இருக்கும், புத்திக்கும் ஒன்றும் ஆகாது. பள்ளி வயதில் மாதக்கணக்கில் படுத்தே கிடந்த பிள்ளைகள் பலர் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். பண்ணை வேலைக்கு ஆகமாட்டான் என்று வீட்டார் கணக்குப் படிக்க வைத்த கதைகளும் அந்தத் தலைமுறையில் நிறைய. லாரி ஓட்டத் தெரிந்த ஆட்கள் வடக்கில் எத்தனையோ பேர் இருந்தார்கள். பிப்ரவரிச் சம்பளத்தை அக்டோபரிலேயே கணக்குப் போட்டு வைக்கத் தெரிந்தவர்தான் குறைவு.

ஓட்டவே முடியாது என்றும் சொல்லவில்லை. கைக் கட்டுப்பாடு வைத்த காரை அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1930-களிலேயே ஓட்டினார். ஆட்டோமேட்டிக் கியர் கார்கள் 1940 முதல் கடைக்கு வந்தன. பிக்கப் வண்டிக்கு அது போதும். யார்டுக்கும் ஆற்றங்கரைக்கும் போய்வர ஒரு முதலாளிக்கு பிக்கப்தானே வேண்டும். பெரிய லாரியில்கூட, தெரிந்த டிரைவர்கள் ஓட்டத்தில் க்ளட்ச்சை மிதிப்பதில்லை. இன்ஜின் வேகத்தைப் பொருத்திக் கியரைத் தள்ளிவிடுவார்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் இடது கால் வேண்டும். பலவீனம் இடது காலில் என்றால் சிரமப்பட்டாவது ஓட்டலாம், வலது காலில் என்றால் பிரேக்கே பிரச்சினை. எந்தக் கால் என்பது அவ்வளவு முக்கியம். மற்றபடி ஓட்டுவதைவிடக் கேபினுக்குள் ஏறுவதுதான் கஷ்டம்.

இனி குளிர். போலியோ பாதித்த காலில் ரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிக்கும் கட்டுப்பாடும் கெட்டுப்போகும். நமக்கு இதமாக இருக்கும் அறையிலேயே அந்தக் கால் நீலம் பாரித்துச் சில்லென்று இருக்கும். குளிர்ந்தால் மிச்சமிருக்கும் தசையும் வலு இழக்கும். உணர்ச்சி இருப்பதால் வலி முழுசாகத் தெரியும். அதன்மேல் இரும்புக் கம்பியும் தோல் பட்டையுமாகக் காலிப்பர். மைனஸ் 40-இல் இரும்பு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டையின் அடி ரப்பர் குளிரில் கல்லாக இறுகும். அதற்கு ஊசி முனை வைத்த மாட்டல்கள் உண்டு, ஆனால் கடைக்குள் நுழையும்போது அதை மடக்காவிட்டால் தரையில் வழுக்கும். இதில் ஒரு வேடிக்கை. கடுங்குளிரில் பனிக்கட்டி அவ்வளவு வழுக்காது. குளிர் தணிந்து உருகும் நிலையை நெருங்கும்போதுதான் மேல்பரப்பு மோசமாக வழுக்கும். ஆகவே அவருக்குப் பயமான மாதம் ஜனவரி அல்ல, ஏப்ரல். கீழே விழுந்தால் முடங்கிய காலின் எலும்பு மெலிந்திருப்பதால் எளிதில் முறியும், சேர நாளாகும்.

இதே வடக்கில் இதே நோய் வேறு ஆட்களை என்ன செய்தது என்பதையும் உங்கள் எழுத்தில் ஒரு பக்கமாவது வையுங்கள். 1948–49 குளிர்காலத்தில் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் செஸ்டர்ஃபீல்ட் இன்லெட்டில், வடதுருவப் பகுதிப் பழங்குடியினரான இனுயிட் மக்களிடையே போலியோ பரவியது. கோடை நோய் என்று நம்பியிருந்த மருத்துவர்களுக்கு உறைபனியில் அது பரவியது பெரிய அதிர்ச்சி. பெரும் பரப்பைத் தனிமைப்படுத்தி அடைத்தார்கள். முடங்கியவர்களை விமானத்தில் தெற்கே வின்னிபெக்குக்குக் கொண்டுபோனார்கள். 1949 ஆகஸ்டில் அப்படி இனுயிட் நோயாளிகளை ஏற்றிவந்த விமானப் படையின் கான்ஸோ விமானம் மானிடோபாவில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். வேட்டையாடி வாழ்ந்தவனுக்குக் கால் போனால் கணக்குப் பிள்ளை வேலைக்கு மாறிக்கொள்ள அங்கே ஆபீஸ் இல்லை, அவனுக்குக் கடன் தர வங்கி மேனேஜர் இல்லை. உங்கள் லாரி முதலாளியிடம் இருந்த மனவலிமை அவனிடமும் இருந்திருக்கும்.

கடைசியாக, வயதான காலம். போலியோ ஒருமுறை வந்து போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1980-களில்தான் மருத்துவர்கள் பெரிய அளவில் கவனித்தார்கள்: நோய் வந்து 15 முதல் 40 ஆண்டுகள் கழித்து, நன்றாக இருந்தவர்களுக்கு மறுபடி தசை தளர்கிறது, அசதி அடித்துப் போடுகிறது, குளிர் தாங்க முடியவில்லை. தப்பிப் பிழைத்த நரம்பு செல்கள் கிளைவிட்டு, செத்த செல்களின் தசைநார்களையும் சேர்த்துச் சுமந்துவந்தன. பல வருடம் அதிக வேலை செய்து அவை ஓய்ந்துபோகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ‘முயற்சி செய், வலித்தாலும் நட’ என்று சொல்லி வளர்த்த தலைமுறை அது. இப்போது டாக்டர் வந்து ‘ஓய்வெடு, சக்கர நாற்காலி வாங்கு’ என்றால் அவர்கள் காதில் தோல்வி என்றுதான் விழுந்தது.

வருடங்களைப் பொருத்திப் பாருங்கள். 1953-இல் பத்து வயதில் நோய் கண்டவருக்கு 1990-களில் ஐம்பது. யெல்லோநைஃபுக்கு வடக்கே லாக் டி கிரா ஏரிப் பகுதியில் வைரம் கண்டுபிடித்தது 1991, எகாடி சுரங்கம் திறந்தது 1998, டயாவிக் 2003. வடக்கில் லாரிக்கு என்றுமில்லாத கிராக்கி வந்த அதே வருடங்களில்தான் அவர் உடம்பு கையை விரித்திருக்கும். கம்பெனியை விற்றாரா, பிள்ளைகளிடம் கொடுத்தாரா என்ற கேள்விக்கு விடை தேடும்போது சந்தை நிலவரத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

மேலே சொன்ன அமைச்சரின் மகன் பால் மார்ட்டின் ஜூனியர் எட்டு வயதில் போலியோ கண்டவர். அவருக்குத் தொண்டைத் தசையில் வந்தது, தேறிவிட்டார். கனடா ஸ்டீம்ஷிப் லைன்ஸ் என்ற கப்பல் கம்பெனியை 1981-இல் ஒரு கூட்டாளியோடு வாங்கி நடத்தி, பிறகு நாட்டின் பிரதமரும் ஆனார். போக்குவரத்து முதலாளி, போலியோ கண்டவர் என்று இருவரையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அவர் உடம்பும் காலிப்பர் போட்டவர் உடம்பும் ஒன்றல்ல. அதனால் அந்தக் குடும்பத்தாரைச் சந்திக்கும்போது ‘கஷ்டத்தை எப்படி ஜெயித்தார்’ என்று கேட்காமல், எந்த மாதம் எந்த வருடம் காய்ச்சல் வந்தது, எந்தக் கால், காலிப்பர் இடுப்பு வரையா முழங்கால் வரையா, ஆஸ்பத்திரிச் செலவை யார் கட்டினார்கள், முதல் வங்கிக் கடனுக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள், ஆபீசுக்குப் படி எத்தனை இருந்தது, எந்த வருடம் அதைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள், ஏப்ரல் மாதங்களில் யார் அவரை யார்டுக்குக் கூட்டிப்போனார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்விக்கு மனைவியின் பெயரோ மூத்த டிரைவர் ஒருவரின் பெயரோ வரும். அவர்களிடம் தனியாக ஒரு நாள் உட்காருங்கள்.